தூணில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைகள்

எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலருக்கு அட்டை வடிவமைத்துத் தரும் வேலை போன ஆண்டு என்னிடம் வந்தது. கூர்வளைவுச் சன்னல்கள், ஒல்லியாக மேலேறும் கோபுரம் என்று சென்னை சாந்தோம் பேராலயத்தின் சாயலில் கட்டிய கோயில். பங்குத்தந்தை ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். “தம்பி, நம்ம கோயில் கோதிக். மேல வர்ற இங்கிலீஷ் தலைப்பும் கோதிக் எழுத்துலயே இருக்கட்டும்” என்றார். கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து தேடினால் செஞ்சுரி கோதிக், ஃபிராங்க்ளின் கோதிக், எம்எஸ் கோதிக், மால்குன் கோதிக் என்று வரிசையாக வந்தன. எல்லாமே மழுமழுவென்று, எந்த அலங்காரமும் இல்லாத எழுத்துகள். பங்குத்தந்தை மனதில் இருந்ததோ பழைய விவிலியத்தில் பார்க்கிற, மை தடித்த, மூலைக்கு மூலை முறிந்து நிற்கும் எழுத்து. அதற்குக் கணினியில் ‘ஓல்டு இங்கிலீஷ்’ என்று பெயர். இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் தயங்கித் தயங்கி, “ஃபாதர், கோதிக்னா பாழடைஞ்ச கோட்டை, பேய், அந்த மாதிரி கதைதானே? கோயில் மலர்ல அந்தப் பேரே வேணுமா?” என்று கேட்டார். அவரோடு வந்திருந்த பேத்தி, “இல்ல தாத்தா, அது ஒரு ஸ்டைல். கறுப்பு டிரெஸ், கறுப்பு லிப்ஸ்டிக், அதுக்குன்னு தனி மியூசிக்” என்றாள். யார் சொன்னதும் தப்பில்லை. அட்டை அன்றைக்கே முடிந்தது. பங்குத்தந்தை கேட்ட எழுத்தே போனது.

ஆனால் அந்த மேசைப் பேச்சு என்னை விடவில்லை. இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். கோத்தர்கள் என்ற முரட்டு இனம் ரோமைச் சூறையாடியது. ஆகவே பின்னால் வந்த இத்தாலியர்கள் தங்களுக்குப் பிடிக்காத கட்டடங்களைக் ‘கோதிக்’ என்று திட்டினார்கள். திட்டே நாளடைவில் பாராட்டாக மாறியது. அப்புறம் எழுத்து, கதை, உடை, பாட்டு என்று கிளை பிரிந்தது. தகவல் என்ற அளவில் இதில் பெரிய பிழை இல்லை. ஆனால் கோத்தர்கள் முதல் வரியில் வந்து, ரோமைக் கொள்ளையடித்துவிட்டு, இரண்டாம் வரியில் காணாமல் போகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பெயர் மட்டும் தனியாக நடமாடுகிறது. அவர்கள் என்ன கட்டினார்கள், என்ன எழுதினார்கள், கடைசியில் என்ன ஆனார்கள் என்பது கதைக்குத் தேவைப்படுவதே இல்லை. என் மனக்குறை அதுதான்.

எழுத்து

தொழில் எழுத்து என்பதால் முதலில் அங்கிருந்தே போகிறேன். 1450களில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டபோது, அந்தப் பகுதியின் ஏடெழுதிகள் கைப்பட எழுதிவந்த வடிவத்தையே உலோகத்தில் வார்த்தார். குறுகலான, நிமிர்ந்த, நெருக்கமான எழுத்து. பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் வரிகளைவிடக் கருமைதான் முதலில் தெரியும். இத்தாலிய அறிஞர்களுக்கு இந்த எழுத்து பிடிக்கவில்லை. அவர்களுக்கு வட்டமான, இடைவெளி விட்ட எழுத்து வேண்டும். அதுதான் பழைய ரோமின் எழுத்து என்று நம்பினார்கள். வடக்கத்தி எழுத்துக்குக் ‘கோதிக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கோத்தர்கள் ஒருவரும் அப்படி எழுதியதில்லை.

ஜெர்மனி இந்த எழுத்தை விடாமல் 20-ஆம் நூற்றாண்டுவரை கொண்டுவந்தது. நாஜிகள் முதலில் அதையே ஜெர்மானிய ரத்தத்தின் எழுத்து என்று கொண்டாடினார்கள். 1941 ஜனவரி 3 அன்று ஹிட்லரின் நெருங்கிய உதவியாளர் போர்மான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: கோதிக் எழுத்து என்று சொல்லப்படுவது உண்மையில் யூத எழுத்து, இனி யாரும் பயன்படுத்தக்கூடாது. அறிக்கை அச்சான தாளின் தலைப்பே அந்தப் பழைய எழுத்தில்தான் இருந்தது. சொன்னது அப்பட்டமான பொய். ஒரு எழுத்து வடிவத்தைக்கூட ‘இவர்களுடையது’, ‘அவர்களுடையது’ என்று பிரிக்கிற அந்த மனநிலை எனக்கு நடுக்கம் தருகிறது.

அமெரிக்காவில் வேறு கதை நடந்தது. 1830களில் அங்கிருந்த எழுத்து வார்ப்பாளர்கள் விளம்பரத் தட்டிகளுக்காக, செரிஃப் என்ற நுனிக்கோடுகளை வெட்டிவிட்ட தடித்த எழுத்துகளைக் கோதிக் என்று விற்கத் தொடங்கினார்கள். 1902-ல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஃபிராங்க்ளின் கோதிக் அந்த வரிசையில் வந்ததுதான். ஜப்பானிலும் கொரியாவிலும் இன்றுவரை நுனிக்கோடு இல்லாத எழுத்துக்குக் கோதிக் என்றுதான் பெயர். ஆக, அச்சுத் தொழிலில் மிகவும் சிக்கலான எழுத்துக்கும் மிகவும் எளிய எழுத்துக்கும் ஒரே பெயர்.

கல்

கட்டடக் கதை இன்னும் விசித்திரம். பாரிஸுக்கு வடக்கே சான் தெனி மடத்தின் தலைவர் சுஜே, தன் ஆலயத்தின் பீடப் பகுதியை இடித்து விரிவாக்கி, 1144 ஜூன் 11 அன்று திருநிலைப்படுத்தினார். நாம் கோதிக் என்று சொல்லும் கட்டடக் கலைக்குப் பிறந்தநாள் வைக்க வேண்டுமென்றால் பலரும் காட்டுவது அந்த நாளைத்தான். அதற்கு முன்பு கல்லால் கூரை போட்டால் அதன் பாரம் முழுக்கச் சுவரில் இறங்கும். சுவர் கனமாக இருந்தாக வேண்டும், சன்னல் சிறியதாக இருந்தாக வேண்டும். கூர்வளைவும் கூரையில் குறுக்காக ஓடும் கல் விலா எலும்புகளும் பாரத்தைத் திரட்டித் தூண்களுக்குக் கடத்தின. பிறகு வந்த ஆலயங்களில், சாயப் போகிறவரை வெளியே நின்று தோள் கொடுத்துத் தாங்குவது போல, பறக்கும் உதைசுவர்கள் வந்தன. சுவருக்கு வேலை குறைந்தது. அந்த இடத்தைக் கண்ணாடி எடுத்துக்கொண்டது. 1194 தீ விபத்துக்குப் பின் ஷார்த்ர் நகரில் எழுப்பிய பேராலயத்தின் நீலக் கண்ணாடிகளை ஒரு தடவை பார்த்தவர்கள், இருண்ட காலம் என்ற சொல்லை அந்த நூற்றாண்டுக்குப் பயன்படுத்த யோசிப்பார்கள். அந்தக் கட்டடங்களின் முழு நோக்கமே வெளிச்சம்தான்.

கட்டியவர்கள் இதைக் கோதிக் என்று சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் குறிப்பு ஒன்று இதைப் ‘பிரெஞ்சு வேலைப்பாடு’ என்று சொல்கிறது. அது நியாயமான பெயர். 1550-ல் கலைஞர்களின் வரலாறு எழுதிய ஜார்ஜோ வசாரிதான் பழியைக் கோத்தர்கள் தலையில் அழுத்தமாக ஏற்றினார். பழைய கட்டடங்களை நாசமாக்கி, போரில் கட்டடக் கலைஞர்களைச் சாகவிட்டு, மிஞ்சியவர்களைக் கொண்டு கோத்தர்கள் கண்டுபிடித்த முறை இது, இத்தாலி முழுவதையும் இந்தச் சாபக்கேட்டால் நிரப்பிவிட்டார்கள் என்று எழுதினார். கோத்தர்களின் இத்தாலிய ஆட்சி 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்துபோனது. சுஜேயின் ஆலயம் அதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் பிந்தியது. பிரான்சில் பிறந்த ஒரு கலைக்கு, அது பிறக்கும் முன்பே அழிந்த ஓர் அரசின் மக்களைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். திட்டு பாராட்டாக மாறியதைச் சொல்லி நிறைவடைகிறவர்களோடு நான் உடன்படாதது இங்கேதான். திட்டும் தவறான முகவரிக்குப் போனது, பாராட்டும் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறது.

ரவென்னா

கோத்தர்கள் நிஜமாகவே கட்டிய கட்டடம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை இத்தாலியின் ரவென்னாவுக்கு இழுத்துப்போனது. 493 முதல் 526 வரை இத்தாலியை ஆண்ட கிழக்குக் கோத்தர்களின் மன்னர் தியோடரிக் அந்த நகரத்தில் இருந்துதான் ஆட்சி செய்தார். அவருடைய கல்லறை மண்டபம் நகரத்துக்குச் சற்று வெளியே, புல்வெளி நடுவில் தனியாக நிற்கிறது. பத்து பக்கங்கள் கொண்ட இரண்டு அடுக்கு. சுண்ணாம்பு ஒட்டுத் தெரியாமல் இழைத்து அடுக்கிய வெளிர் கற்கள். வளைவுகள் எல்லாம் அரைவட்டம். ஒரு கூர்வளைவுகூடக் கிடையாது. கூரை பல கற்களால் ஆனதல்ல. ஏட்ரியாடிக் கடலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரியாவில் வெட்டிக் கடல் வழியாகக் கொண்டுவந்த ஒற்றைக் கல், பத்து மீட்டருக்கு மேல் விட்டம், எடை இருநூறு டன்னைத் தாண்டும் என்கிறார்கள். விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு கல் கைப்பிடிகள், அவற்றில் திருத்தூதர்களின் பெயர்கள். கூரையில் ஒரு பெரிய விரிசல் ஓடுகிறது. மேல் அறையில் சிவப்புக் கல் தொட்டி ஒன்று இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை.

அங்கே நின்றபோது மலைப்பாக இருந்தது. ஆனால் என் எண்ணத்தை மாற்றியது அந்தக் கல்லறை அல்ல, நகருக்குள் இருக்கும் சான் அப்போலினாரே நுவோவோ என்ற ஆலயம். தியோடரிக் தன் அரண்மனைக் கோயிலாகக் கட்டியது அது. நடுக்கூடத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் உயரத்தில் தங்கப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். வலப்பக்கச் சுவரின் ஒரு முனையில் ஓர் அரண்மனை. மேலே ‘பலாத்தியம்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வெள்ளைத் தூண்கள், தூண்களுக்கு இடையே வளைவுகள், வளைவுகளில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் திரைச்சீலைகள். நடு வளைவில் வெறும் தங்க நிறம். ஆள் ஒருவரும் இல்லை. அழகான காலி அரண்மனை என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தூணின் நடுவில் ஒரு கை. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள். கை எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் பார்த்தால் திரைச்சீலைதான் இருக்கிறது, உடம்பு இல்லை. அடுத்தடுத்த தூண்களிலும் இப்படியே கைகள், முன்கைகள்.

நடந்தது இதுதான். தூண்களுக்கு இடையே ஒரு காலத்தில் மனிதர்கள் நின்றார்கள். தியோடரிக்கின் அரசவையினர் என்று கருதுகிறார்கள். நடு வளைவில் இருந்தவர் தியோடரிக்காகவே இருக்க வேண்டும். அவரை வாழ்த்திக் கை உயர்த்தி நின்றவர்களின் கைகள் தூண்களின் மேல் படிந்திருந்தன. 540-ல் கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தின் படை ரவென்னாவைப் பிடித்தது. கோத்தர்கள் ஆரியுஸின் போதனையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள்; கிறிஸ்து தந்தைக்கு நிகரானவர் அல்ல என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றவர்களுக்கு அது தப்பறை, அதாவது திருச்சபைக்கு விரோதமான போதனை. 561-ஐ ஒட்டி, ஆயர் அஞ்ஞெல்லுஸ் காலத்தில், ஆலயம் கத்தோலிக்கருக்கு மாறியது. அப்போது கோத்தர்களின் உருவங்களைச் சுவரில் இருந்து கல் கல்லாகப் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். தூண்களின் மேல் இருந்த கைகளை மட்டும் எடுக்கவில்லை. ஏன் விட்டார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்தக் காரணமும் போதவில்லை. வேலையாள் சோம்பலா, செலவா, அல்லது அவனுக்கே மனம் வரவில்லையா? அந்த வேலையைச் செய்தவனும் அந்த நகரத்துக்காரனாக இருந்திருக்கலாம், அந்த முகங்களைப் பார்த்துப் பழகியவனாகக்கூட இருந்திருக்கலாம்.

அதுவரை கோதிக் என்பது எனக்கு ஒரு சுவாரசியமான சொல். அந்தச் சுவருக்குக் கீழே நின்ற பிறகு அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அவர்களுடைய முகங்களை அழித்தவர்கள் பெயரை அழிக்கவில்லை. பெயரைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துத் தங்களுக்குத் தேவையான இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் தியோடரிக்கின் அரசவையில் பணியாற்றிய காசியோடோருஸ் மன்னர் பெயரில் எழுதிய கடிதங்களைப் படித்தேன். ரோம் நகரின் சுவர்களைப் பழுதுபார்க்கச் சொல்லும் உத்தரவு இருக்கிறது. ரோமில் பழைய தளபதி பாம்பே கட்டிய அரங்கம் இடிந்து விழாமல் சீர்செய்யச் சொல்லும் உத்தரவு இருக்கிறது. கோமோ நகரில் ஒரு வெண்கலச் சிலை திருடு போனதற்காக, கண்டுபிடித்துத் தருபவருக்கு 100 பொற்காசு தருவதாக அறிவிக்கும் கடிதம்கூட இருக்கிறது. வசாரி எந்த மக்களைப் பழைய ரோமின் கட்டடங்களை நாசமாக்கியவர்கள் என்றாரோ, அவர்களுடைய அரசன் அந்தக் கட்டடங்களுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தான். அவர்களை உத்தமர்களாக்க நான் முயலவில்லை. 410-ல் கோத்தர்களின் தலைவர் அலாரிக்கின் படை ரோமை மூன்று நாள் கொள்ளையடித்தது உண்மை. தத்துவ அறிஞர் போயேத்தியுஸைச் சிறையில் அடைத்துக் கொன்றது இதே தியோடரிக்தான். நல்லதும் கொடியதும் செய்த சாதாரண அரசு ஒன்று. அதை அப்படியே பார்க்க வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

கதைகளும் கறுப்பு உடைகளும்

பேய்க் கதைக்கு இந்தப் பெயர் வந்த வழி நேரானது. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் லண்டனுக்கு வெளியே ஸ்ட்ராபெரி ஹில் என்ற தன் வீட்டைக் கூர்வளைவுகளோடு ஒரு பழங்காலக் கோட்டை போல மாற்றிக் கட்டினார். 1764 கடைசியில் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற நாவலை வேறு பெயரில் வெளியிட்டார். அது ஓடியதும், 1765-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்புச் சேர்த்தார். அவர் சொல்ல வந்தது ‘இடைக்காலக் கதை’ என்பதுதான். ஆனால் அந்தக் கதையில் ராட்சதத் தலைக்கவசமும் நிலவறைகளும் பழைய பாவங்களும் இருந்ததால், கோதிக் என்றால் பயம் என்று ஆகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் லண்டன் சோஹோவின் பேட்கேவ் கிளப்பில் கறுப்பு உடுத்திக் கூடிய இளைஞர்கள் அந்தப் பயத்தை எடுத்துத் தங்களுக்கான அடையாளமாக்கிக்கொண்டார்கள். ஆசிரியரின் பேத்தி சொன்னது அவர்களைத்தான். இத்தனை பேரில் இந்தப் பெயரைத் தங்களுக்கே விரும்பி ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள் மட்டுமே என்பதால் எனக்கு அவர்கள்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. மற்றவர்கள் இன்னொருவரையோ ஒரு பொருளையோ சுட்டத்தான் இதைப் பயன்படுத்தினார்கள்.

கோத்தர்கள் எழுதியது

4-ஆம் நூற்றாண்டில் கோத்தர்களின் ஆயர் உல்ஃபிலா, கிரேக்க எழுத்துகளை அடிப்படையாக வைத்து, சிலவற்றை வேறிடங்களில் இருந்து எடுத்து, தன் மக்களின் மொழிக்கு எழுத்து உருவாக்கி விவிலியத்தை மொழிபெயர்த்தார். அரசர்கள் ஆகமங்களை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை, ஏற்கெனவே போர் வெறி கொண்டவர்களுக்கு அது தேவையில்லை என்று நினைத்தார் என ஒரு பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் சொல்கிறார். அந்த மொழிபெயர்ப்பின் மிகப் பெரிய பகுதி, ஊதாச் சாயம் தோய்த்த தோலில் வெள்ளி மையிலும் தங்க மையிலும் எழுதிய நற்செய்தி ஏடு. தியோடரிக் காலத்து இத்தாலியில், அநேகமாக ரவென்னாவிலேயே, உருவானது. 1648-ல் சுவீடன் படை பிராகில் கொள்ளையடித்தபோது வடக்கே போய், இப்போது உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் முதலில் 336 தாள்கள், மிஞ்சியவை 188. அவற்றில் ஒன்று 1970-ல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் தனியாகக் கிடைத்தது. யுனிகோடு 2001-ல் தன் 3.1 பதிப்பில் உல்ஃபிலாவின் எழுத்துகளுக்கும் இடம் கொடுத்தது. கணினியில் இன்றைக்கு நிஜமான கோதிக் எழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

பேச்சு மொழி இன்னும் நெடுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1560களின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டினோபிளில் தூதராக இருந்த பிளெமிஷ்காரர் புஸ்பெக், கிரிமியாவில் இருந்து வந்த இருவரைச் சந்தித்து அவர்கள் சொன்ன சில பத்துச் சொற்களை எழுதிவைத்தார். இத்தாலியில் கோத்தர்களின் அரசு விழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் கருங்கடல் ஓரத்தில் யாரோ அந்த மொழியின் ஒரு வடிவத்தைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஐரோப்பிய அறிஞர்கள் கோதிக் என்ற சொல்லைத் திட்டாகப் பயன்படுத்திய அதே நூற்றாண்டில்.

என்னை அதிகம் மகிழ்வித்தது மிக அண்மைச் செய்தி. இத்தாலியின் பொலோன்யா நகரில் சான் பெத்ரோனியோ ஆலயத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு தோல் ஏட்டைப் பற்றி ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். மேலே தெரியும் எழுத்து லத்தீன், புனித அகுஸ்தீனின் ‘கடவுளின் நகரம்’. 410-ல் கோத்தர்கள் ரோமைக் கொள்ளையடித்த அதிர்ச்சியில், அதற்குக் கிறிஸ்தவமே காரணம் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய நூல் அது. அந்த லத்தீனுக்கு அடியில், சுரண்டி அழித்த வேறு ஓர் எழுத்து இருந்தது. புறஊதா ஒளியில் பார்த்தபோது அது கோத் மொழி. தோல் விலை அதிகம் என்பதால் பழையதைச் சுரண்டி மேலே எழுதுவது வழக்கம்தான். அதில் வன்மம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஏட்டில் எது எதை மூடியது என்று நினைத்தால் எனக்குத் தூண்களின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. அழித்த வரிகளில் விவிலிய மேற்கோள்கள் நிறைந்த ஒரு சமய உரை இருக்கிறது. உல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைக்காமல் போன பகுதிகளில் இருந்தும் மேற்கோள்கள் வருகின்றன. அதுவரை எந்த ஏட்டிலும் காணாத சொற்களும் சில கிடைத்திருக்கின்றன. செத்துப்போன மொழி என்று நூற்றாண்டுகளாக எழுதிவந்த ஒன்றின் அகராதியில், நம் காலத்தில், புதிய சொற்கள் சேர்ந்திருக்கின்றன.